மீதி

இறக்கத்தில், பதினாலாவது கொண்டை ஊசியில்
அர்த்தநாரி பிரேக்கை மிதித்தான்.
எதிரே, ஹாரன் அடிக்காத டூரிஸ்ட் வேன்.
மேல்கம்பியைப் பிடித்த வலக்கை அங்கேயே நிற்க
உடம்பு மட்டும் சேலம் பக்கம் போனது.

துணிக்கடையில் இரண்டு மீட்டர் அளந்து
கத்தரி வைத்துத் தொடங்கி
கையால் சர்ரென்று கிழிப்பார்களே,
அந்தச் சத்தம்.
வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பச்சைச் சேலைக்காரிக்குத் தரவேண்டிய எட்டு ரூபாய்
சீட்டுகளுக்கு அடியில் உருண்டது.
"மீதியை இறங்கும்போது வாங்கிக்கம்மா."
இருபத்திரண்டு வருடமாய் எல்லோரிடமும் சொல்வதுதான்.
தோளிடமும் சொல்லியிருக்கிறேன்.
வலப்பக்கம் புரண்டால் ராத்திரியில் முனகும்.
தைலத்தைத் தேய்த்து, அப்புறம் பார்க்கலாம் என்பேன்,
டிக்கெட் முதுகில் கிறுக்கிக் கொடுத்து
மறந்துபோன பாக்கி மாதிரி.

ஐந்து ரோட்டில் ஸ்கேன்.
பாதிக் கிழிசல், கத்தி இப்போது வேண்டாம்
என்றார் டாக்டர் ஷகிலா பானு.
ஓர் ஊசி. மூன்று மாதம் ரப்பர் பட்டையை இழுத்தல்.
டெப்போவில் உட்கார்ந்து அடிக்கட்டை எண்ணினேன்.
சீப்பு காதைத் தாண்டவில்லை.
மறுபடி ஸ்கேன்.
மீதிப் பாதியும் விட்டுப்போய்
தொட்ட நத்தையின் கொம்பாய்
தசைநார் உள்ளே சுருங்கியிருந்தது.

நாலு சின்ன ஓட்டை, ஒரு கேமரா,
எலும்பில் மூன்று ஆங்கர், அதில் கோத்த நூல்.
கழுத்தில் போட்ட ஊசிக்குக் கை செத்துக் கிடந்தது.
தவமணி அதைத் தூக்கித் தலையணையில் வைத்தாள்,
யாரோ பஸ்ஸில் விட்டுப்போன லக்கேஜை
எடுத்து வைப்பதுபோல்.
விடியற்காலை நாலு மணிக்கு
அது என்னுடையதுதான் என்று தெரிந்தது.
கத்தினேன்.

ஆறு வாரம் நாற்காலியில் தூக்கம்.
சட்டை போடும்போது நோவுக் கை முதலில்,
கழற்றும்போது கடைசியில்.
இடக்கையோடு குளியலறையில் பட்டதை
எழுதுவதாக இல்லை.

பிசியோ பிரிசில்லா, நாகலூர்ப் பெண்.
"தச்சாச்சே, ஏன் தூக்கக் கூடாது?" என்றேன்.
"எங்க தோட்டத்துல புது மிளகுக்கொடியை
சில்வர் ஓக்ல நாரு போட்டுக் கட்டுவோம்ணா.
காலத்துக்கும் நாரு தாங்காது.
கணுவுல வேர் விட்டு மரத்தைப் பிடிக்கிற வரைக்கும்
நழுவாம வெச்சிருக்கும், அவ்ளோதான்.
இப்ப இழுத்தீங்கன்னா
நாரும் போச்சு, கொடியும் போச்சு."
அப்புறம் என்னைக் குனியவைத்து
கையைக் கிணற்று வாளிபோல் ஆடவிட்டாள்.

ஏழாவது வாரம் சுவரைப் பார்த்து நின்றேன்.
இரண்டு விரல்கள் அதில் நடந்து ஏறின.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் எண்.
இருபது வரை போட்டுவைத்திருந்தேன், மலைக்கணக்கில்.
ஒன்பதில் மூன்று வாரம் நின்றது வண்டி.
ஒருநாள் ஆத்திரத்தில் பன்னிரண்டை எட்டி
இரண்டு நாள் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்தேன்.
வாடகைச் சுவரில் என்ன கிறுக்கல் என்றார் வீட்டுக்காரர்.
அடிவாரம்னு ஆரம்பிச்சிருக்கார் பாருங்க,
என்றாள் தவமணி.

ஆறு மாதத்தில் பதினெட்டு.
அதற்குமேல் போகலாம், போகாமலும் இருக்கலாம்,
கம்பியில் மட்டும் தொங்காதீர்கள் என்றார் டாக்டர்.
இப்போது சீட்டில் இடுப்பைச் சாய்த்து
டிக்கெட் கிழிக்கிறேன்.
வளைவுக்கு முன்னால் அர்த்தநாரி
தொண்டையைக் கனைக்கிறான். அது எனக்கு.

போன வியாழக்கிழமை கோரிமேட்டில்
அந்த அம்மா ஏறினாள். சேலை பச்சை இல்லை.
எட்டு ரூபாயை நீட்டினேன்,
வலக்கையால். இடுப்பு உயரத்துக்கு வலியில்லை.
எதற்கென்று கேட்பாள் என நினைத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டு,
"பத்துல்ல?" என்றாள்.

பையைத் துழாவினேன்.
இரண்டு ரூபாய் இருந்தது. கொடுத்தேன்.